'ஸ்டீரியோடைப்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? மொரீசியஸில் எழுதுவோருக்கு ஓர் ஒப்பீடு

மொரீசியஸில் தமிழ் கற்பிப்பவர், கோவில் மலருக்குக் கட்டுரை தருபவர், வானொலிக்கு உரை எழுதுபவர் என எல்லாரும் அடிக்கடி தடுக்கி நிற்கும் ஆங்கிலச் சொல் 'ஸ்டீரியோடைப்'. இதன் பொருள் யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆங்கிலப் பாடத்தில் படித்திருப்பார்கள், பிரெஞ்சு நாளிதழில் 'ஸ்டெரெயோடிப்' என்று பார்த்திருப்பார்கள். தமிழில் எழுத உட்காரும்போதுதான் கை நின்றுவிடும். ஒருவர் 'தப்பெண்ணம்' என்று போடுவார், இன்னொருவர் 'முத்திரை' என்பார், வேறொருவர் 'பொதுப்புத்தி' என்பார். மாணவர் மூன்றையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வார். மூன்றும் ஒன்றல்ல. எந்த இடத்தில் எது பொருந்தும், எது காலை வாரிவிடும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் பொருள். ஒரு கூட்டத்தாரைப் பற்றியோ ஒரு வகைப் பொருளைப் பற்றியோ பலரும் பகிர்ந்துகொண்டிருக்கும், அளவுக்கு மீறிச் சுருக்கப்பட்ட, எளிதில் மாறாத எண்ணம்தான் ஸ்டீரியோடைப். இதில் நான்கு கூறுகள் உள்ளன. அது ஒரு வகையைப் பற்றியது, தனி ஒருவரைப் பற்றியது அல்ல. அது ஒருவர் மட்டும் வைத்திருக்கும் கருத்து அல்ல, ஊரே வைத்திருப்பது. அதில் சுருக்கம் இருக்கிறது. அது கெட்டியாக உறைந்திருக்கிறது. அது கெட்ட எண்ணமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது. 'தமிழ்ப் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள்' என்பது புகழ்ச்சி. அதுவும் ஸ்டீரியோடைப்தான். கணக்கு வராத தமிழ்ப் பிள்ளையைக் கேட்டால் அந்தப் புகழ்ச்சியின் கனம் தெரியும். தமிழ்ச் சொல்லைத் தேடும்போது பலரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

சொல் வந்த வழியைத் தெரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி. கிரேக்கத்தில் 'ஸ்டெரெயோஸ்' என்றால் திண்மையானது, 'டைப்போஸ்' என்றால் பதிவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் ஃபிர்மென் திதோவின் அச்சகத்தில் இது ஒரு தொழிற்சொல்லாகப் புழங்கியது. அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிகளாகக் கோத்து, பக்கமாக்கி, சட்டத்தில் இறுக்குவார். அந்தப் பக்கத்தின் மேல் பிளாஸ்டரையோ, பிற்காலத்தில் ஈரமாக்கிய தாள் அடுக்கையோ அழுத்தி ஓர் அச்சு எடுப்பார்கள். அது காய்ந்ததும் ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்த உலோகத்தை உருக்கி அதில் ஊற்றுவார்கள். பக்கம் முழுவதும் ஒரே தகடாக வந்துவிடும். எழுத்துகளைப் பிரித்து அடுத்த வேலைக்குப் பயன்படுத்தலாம், தகட்டைப் பத்திரப்படுத்தி, மறுபதிப்பு வேண்டும்போது எடுத்து அடிக்கலாம். எழுத்து விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் இது பெரிய மிச்சம்.

அதில் இடைஞ்சலும் உண்டு. கோத்த எழுத்தில் பிழை இருந்தால் அந்த ஓர் எழுத்தைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகினால் போதும். தகட்டில் அப்படிச் செய்ய முடியாது. பிழையான பகுதியை உளியால் வெட்டி எடுத்து, புதுத் துண்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும், இல்லையென்றால் தகட்டையே மறுபடி வார்க்க வேண்டும். அந்தச் செலவுக்குத் தயங்கினால் பிழையோடே அச்சு ஓடும். 19ஆம் நூற்றாண்டிலேயே 'மாறாமல் திரும்பத் திரும்ப வருவது' என்ற பொருளுக்கு இந்தச் சொல் நகர்ந்துவிட்டது. மனிதக் கூட்டங்களைப் பற்றி நம் மனத்தில் முன்கூட்டியே உறைந்து கிடக்கும் படம் என்ற இன்றைய பொருளை 1922இல் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் நிலைநிறுத்தினார்.

வார்ப்பு, உறைதல், பிழையோடு ஓடும் அச்சு ஆகிய இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சொற்களைப் பார்ப்போம்.

ஒலிபெயர்ப்பு

ஸ்டீரியோடைப் என்றே எழுதிவிடலாம். தமிழ்நாட்டு இதழ்களில் இது சாதாரணம். பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்த மொரீசியஸ் வாசகருக்கும் உடனே புரியும். சிக்கல் அடுத்த சொல்லில்தான் தொடங்குகிறது. தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்க வேண்டும், பன்மை ஏற்க வேண்டும், வினையாக வேண்டும். 'ஸ்டீரியோடைப்பை', 'ஸ்டீரியோடைப்களுக்கு', 'ஸ்டீரியோடைப் பண்ணாதே' என்று போகும்போது வாக்கியம் நொண்டுகிறது. வானொலியில் கேட்பவருக்கு முதலில் பாட்டுப் பெட்டிதான் நினைவுக்கு வரும். ஆங்கிலப்படி 'டைப்' என்பதா, பிரெஞ்சுப்படி 'டிப்' என்பதா என்ற குழப்பமும் இங்கே கூடுதலாக உண்டு. பாடக் குறிப்பில் ஒருமுறை கொடுத்து, இந்த ஆங்கிலச் சொல்லைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அடையாளம் காட்ட மட்டும் ஒலிபெயர்ப்பு போதும். கட்டுரை முழுக்க இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

தப்பெண்ணம், முன்முடிவு

இருப்பதில் அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். தப்பெண்ணம் என்பது இன்னொரு ஆங்கிலச் சொல்லான 'பிரெஜுடிஸ்' என்பதற்குப் பொருத்தமானது. அது வெறுப்பையும் பாரபட்சத்தையும் சார்ந்த உணர்ச்சி. ஸ்டீரியோடைப் என்பது மனத்தில் உள்ள படம். படம் இருந்தும் வெறுப்பு இல்லாமல் இருக்கலாம். முன்முடிவு என்பது ஒரு குறிப்பிட்ட விஷயத்தை விசாரிக்கும் முன்பே தீர்ப்புக்கு வந்துவிடுவது, அதைத் தனி ஒருவர் தனக்கு மட்டுமே வைத்திருக்கலாம். 'கணக்கில் கெட்டிக்காரர்கள்' என்ற புகழ்ச்சியைத் 'தப்பெண்ணம்' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் உடைந்துவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. தப்பெண்ணம் என்றால் எண்ணம் முழுதும் தப்பு என்றாகிவிடுகிறது. பல ஸ்டீரியோடைப்களில் உண்மையின் ஒரு துண்டு இருக்கும். 'மொரீசியஸ் தமிழர்களின் முன்னோர் எல்லாரும் கரும்பு வெட்ட வந்தவர்கள்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர் இந்தியாவிலிருந்து போர்ட் லூயியில் இன்று ஆப்பிரவாசி காட் என்று அழைக்கப்படும் இறங்குதுறை வழியாக வந்தார்கள், அவர்களில் தமிழர் ஏராளம். அது உண்மை. ஆனால் அதற்கு நூறாண்டு முன்பே, 1735இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற லா பூர்தொனேயின் காலத்தில், பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் கைவினைஞர்களும் வந்து துறைமுக நகரைக் கட்டினார்கள். ஆக, பிழை 'கரும்பு' என்பதில் இல்லை, 'எல்லாரும்' என்பதில் இருக்கிறது. இதைத் தப்பெண்ணம் என்றால் அந்தக் கரும்புத் தோட்டத்து வரலாறே பொய் என்பது போலத் தொனிக்கும். அது நம் முன்னோருக்குச் செய்யும் அநியாயம்.

முத்திரை குத்துதல்

நல்ல தமிழ் வழக்கு. 'அவன் மேல் சோம்பேறி என்று முத்திரை குத்திவிட்டார்கள்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வினையாக இதற்கு நிகர் இல்லை. பெயர்ச்சொல்லாக்கும்போதுதான் வழுக்குகிறது. முத்திரை விழுவது ஒரு குறிப்பிட்ட ஆளின் மேல், குத்துவதற்கும் ஓர் ஆள் வேண்டும். ஊர் முழுக்கக் காற்றில் கலந்திருக்கும் எண்ணத்தை முத்திரை என்று சொல்ல முடிவதில்லை. வினையை மாற்றினால் பொருளும் தலைகீழாகும். 'அவர் இலக்கியத்தில் தன் முத்திரையைப் பதித்தார்' என்பது பாராட்டு. மாணவர் விடைத்தாளில் 'குத்தினார்', 'பதித்தார்' இடம் மாறினால் பாராட்டு வசையாகிவிடும். பரதநாட்டிய வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு முத்திரை என்றால் கை முத்திரைதான் முதலில் தோன்றும்.

நம் தீவில் இதற்குக் கண்ணெதிரே எடுத்துக்காட்டு இருக்கிறது. இங்கே பேசப்படும் கிரியோல் மொழியில் தமிழரை 'மதராஸ்' என்பார்கள். வட இந்திய வழி வந்த இந்துக்களை 'மலபார்' என்பார்கள், அதைச் சொல்பவரின் தொனியில் பெரும்பாலும் இளக்காரம் இருக்கும். பக்கத்துத் தீவான ரீயூனியனில் அதே 'மல்பார்' தமிழ் வழி வந்தவர்களைக் குறிக்கும், அவர்களே தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வார்கள். இரண்டு தீவிலும் அது கேரளத்து மலபார்க் கரையைக் குறிப்பதில்லை. இவை பட்டப்பெயர்கள், ஒட்டிய சீட்டுகள். இவற்றைப் பற்றி எழுதும்போது 'முத்திரை' சரி. 'மதராஸ் என்றாலே இப்படித்தான்' என்று தொடரும்போது வருகிற எண்ணம்தான் ஸ்டீரியோடைப். சீட்டு வேறு, சீட்டின் மேல் எழுதிய கதை வேறு. ரீயூனியன் கட்டுரையை மொழிபெயர்க்கும்போது 'மல்பார்' என்பதை இழிசொல்லாக எடுத்துக்கொண்டால் மூலத்தைக் கெடுத்தவர்கள் ஆவோம்.

தேய்வழக்கு, பொதுப்புத்தி, டெம்ப்ளேட்

இவை மூன்றையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தேய்வழக்கு என்பது 'கிளிஷே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு உரியது: சொல்லிச் சொல்லித் தேய்ந்த தொடர். 'கிளிஷே'யும் அதே அச்சகத்தில் பிறந்த சொல்தான், அதனால்தான் பிரெஞ்சில் இரண்டும் கலந்து புழங்குகின்றன. பிரெஞ்சு நாளிதழைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். 'கிளிஷே' ஒரு சொற்றொடரைப் பற்றி வந்தால் தேய்வழக்கு, ஒரு மக்களைப் பற்றி வந்தால் ஸ்டீரியோடைப், புகைப்படக்காரரைப் பற்றி வந்தால் வெறும் புகைப்படம். பொதுப்புத்தி என்பது ஒரு சமூகம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட கருத்துகளின் மொத்தக் குவியல். அந்தக் குவியலுக்குள் ஸ்டீரியோடைப் ஒன்று கிடக்கும், குவியலே அது ஆகாது. டெம்ப்ளேட் தமிழ்த் திரை விமர்சனத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. 'டெம்ப்ளேட் அம்மா', 'டெம்ப்ளேட் வில்லன்' என்றால் கதாபாத்திரத்துக்குப் பொருந்தும், உயிருள்ள மக்கள் கூட்டத்துக்கு ஒட்டாது. அதன் தமிழான 'வார்ப்புரு' விக்கிப்பீடியாவில் வேறு வேலைக்குப் போய்விட்டது.

என்றாலே

பெயர்ச்சொல்லே இல்லாமல் தமிழ் இதைச் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது. அதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. 'மாமியார் என்றாலே கொடுமைக்காரி', 'ஆம்பிளை என்றாலே அழமாட்டான்', 'தமிழர் என்றாலே காவடி, தீமிதி.' அந்த 'ஆலே' விகுதிதான் அச்சு. ஒரு வகையின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், இடையில் எதையும் பார்க்காமல், ஒரு குணத்துக்குத் தாவும் அவசரம் அந்த ஏகாரத்தில் இருக்கிறது. தைப்பூசக் காவடி மொரீசியஸில் அரசு விடுமுறை நாள். ஆயிரக்கணக்கானோர் காவடி எடுப்பது உண்மை. எடுக்காத தமிழரும் எடுத்த ஒருவர் மற்ற நாள்களில் செய்யும் எல்லாமும் 'என்றாலே' என்ற ஒரு சொல்லில் மறைந்துபோகின்றன.

வானொலி உரைக்கும் சிறுவர் கட்டுரைக்கும் இதுவே சிறந்த வழி. 'பெண்களைப் பற்றிய ஸ்டீரியோடைப்கள்' என்பதை, 'பெண்கள் என்றாலே இப்படித்தான் என்ற எண்ணங்கள்' என்று சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஆய்வுக் கட்டுரைக்கு இது நீளம். ஒரே பத்தியில் ஆறு முறை வந்தால் அலுக்கும். அங்கே பெயர்ச்சொல் இல்லாமல் முடியாது.

வார்ப்பெண்ணம்

அந்தப் பெயர்ச்சொல்லுக்கு நாங்கள் முன்வைப்பது 'வார்ப்பெண்ணம்'. வார்ப்பு, எண்ணம் இரண்டும் சேர்ந்தது. பரவிய சொல் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 'தப்பெண்ணம்' புணர்ந்த அதே வழியில் இதுவும் புணர்கிறது, ஆகவே முதல்முறை பார்ப்பவரின் நாக்கும் கண்ணும் தடுமாறுவதில்லை. வேற்றுமையும் பன்மையும் சிரமமில்லாமல் ஏறும்: வார்ப்பெண்ணத்தை, வார்ப்பெண்ணத்தால், வார்ப்பெண்ணங்களுக்கு. நல்லது கெட்டது என்ற தீர்ப்பு இதில் இல்லை.

இந்தச் சொல்லுக்குள் தமிழின் வசதி ஒன்றும் இருக்கிறது. 'அச்சு' என்ற நம் சொல் புத்தகம் அடிப்பதையும் குறிக்கும், வார்க்கும் கருவியையும் குறிக்கும். அச்சு வெல்லத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கரும்புச் சாற்றைக் காய்ச்சி, பாகாக இருக்கும்போதே அச்சில் ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு எந்த வயலின் சாறு, எந்த நாள் வெட்டிய கரும்பு என்று கட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே உருவம். 'எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துப் பார்க்கிறார்கள்' என்றால் பாரிஸ் அச்சகத்தில் நடந்ததும் கரும்பாலையில் நடந்ததும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. ஆங்கிலம் பேசுபவருக்குத் தன் சொல்லின் வேர் மறந்துபோய்விட்டது. தமிழில் அது கேட்கும்போதே தெரிகிறது.

புதுச் சொல் என்பதால் முதலில் வரும் இடத்தில் கைபிடித்து அழைத்துப் போக வேண்டும். 'ஒரு கூட்டத்தாரை எல்லாம் ஒரே அச்சில் வார்த்துப் பார்க்கும் வார்ப்பெண்ணம்' என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு தனியாக நிற்கும். விளக்கம் இல்லாமல் தலைப்பிலேயே போட்டுவிட்டால் அச்சகத்தைப் பற்றிய கட்டுரை என்று வாசகர் நினைக்கக்கூடும்.

ஆங்கிலத்தில் கூடவே வரும் வினைகளைச் சொல்லுக்குச் சொல் மாற்றக் கூடாது. 'பிரேக்' வந்தால் 'வார்ப்பெண்ணத்தை உடைத்தார்' எனலாம், வார்த்த பொருள் உடையும், பொருந்துகிறது. 'சேலஞ்ச்' வந்தால் 'சவால் விட்டார்' வேண்டாம், எண்ணத்துக்கு யாரும் சவால் விடுவதில்லை. 'கேள்வி கேட்டார்' அல்லது 'எதிர்த்து நின்றார்' என்பது இயல்பு. 'ரீஇன்ஃபோர்ஸ்' வந்தால் 'வலுவூட்டுகிறது' என்பதைவிட 'மேலும் கெட்டிப்படுத்துகிறது' நன்றாக இருக்கும், ஏனென்றால் வார்ப்பு கெட்டியாகும் பொருள். ஆங்கிலப் பெயரடைக்கு 'வார்ப்பெண்ணமான' என்று எழுதவே கூடாது. ஒரு நாடகத்தில் தமிழ்க் கடைக்காரர் பாத்திரம் அப்படி இருக்கிறது என்றால் 'வார்த்தெடுத்த கடைக்காரர்' என்று பெயரெச்சமாக்குங்கள்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

பொதுமைப்படுத்தலும் வகைப்படுத்தலும் இதனோடு குழம்பும். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பொதுமைப்படுத்தல். அது பலிப்பதற்குக் காரணம் இருக்கிறது: ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு, ஒரே நேரம். ஒரு சோற்றைச் சோதித்துவிட்டுத்தான் முடிவு சொல்கிறோம், வேகாவிட்டால் முடிவை மாற்றிக்கொள்கிறோம். வார்ப்பெண்ணத்தில் சோற்றைச் சோதிப்பதே இல்லை. வேகாத சோறு கையில் பட்டாலும் 'இது விதிவிலக்கு' என்று தள்ளிவிட்டுப் பானை வெந்ததாகவே சொல்லிக்கொண்டிருப்போம். மாணவருக்கு இந்த ஒரு பழமொழியை வைத்து விளக்கினால் மறக்கமாட்டார்.

வகைப்படுத்தலுக்கு மொரீசியஸ் அரசியலமைப்பே எடுத்துக்காட்டு. அதன் முதல் அட்டவணை மக்களை இந்து, முஸ்லிம், சீன மொரீசியர் என்று மூன்றாகச் சொல்லி, வாழ்க்கை முறையைப் பார்த்து இவற்றில் எதிலும் சேராதவர்களைப் 'பொது மக்கள்தொகை' என்ற நான்காவது பிரிவில் வைக்கிறது. தமிழ் இந்துக்கள் இதில் இந்துப் பிரிவுக்குள் அடக்கம். இந்தப் பிரிவினை நியாயமா என்று விவாதிக்கலாம், அது வேறு. அது வகைப்பாடுதான், வார்ப்பெண்ணம் ஆகாது. 'இந்தப் பிரிவினர் என்றாலே இப்படித்தான் வாக்களிப்பார்கள்' என்று ஒருவர் சொல்லும் கணத்தில்தான் வார்ப்பு தொடங்குகிறது. டர்பனில் 'நீங்கள் தமிழா, இந்துவா?' என்று கேட்பதைத் தென்னாப்பிரிக்கா போனவர்கள் கேட்டிருப்பார்கள். அங்கே தமிழ் என்பது சமயப் பிரிவின் பெயராகவும் புழங்குகிறது. அது வழக்கில் வந்த வகைப்பாடு, கேட்பவரை வார்ப்பெண்ணக்காரர் என்று குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

'சிம்ப்ளிஸ்டிக்' என்ற சொல்லையும் இதனோடு சேர்த்துக் கேட்பார்கள். அது 'சிம்ப்பிள்' அல்ல. எளிமையான என்பது பாராட்டு, சிம்ப்ளிஸ்டிக் என்பது குறை. சிக்கலான ஒன்றை வேண்டாத அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள் என்று பொருள். ஆங்கிலத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் அழகிய எளிய வடிவமைப்பைப் புகழ இந்தச் சொல்லைத் தவறாகப் போடுவதுண்டு. பிரெஞ்சில் 'சேன்ப்லிஸ்த்' என்றால் குறையென்று தெரிந்திருப்பதால் மொரீசியஸ் மாணவருக்கு இந்தத் தவறு வரவே கூடாது. தமிழில் 'மேம்போக்கான' போதும்.

இரண்டு கலைச்சொற்களில் மட்டும் நிதானம் வேண்டும். 1995இல் அமெரிக்க உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வில் 'ஸ்டீரியோடைப் திரெட்' என்ற கருத்து வந்தது. 'இந்தத் தேர்வு உங்கள் அறிவுத்திறனை அளக்கும்' என்று சொல்லிவிட்டுத் தேர்வு வைத்தபோது கருப்பின மாணவர்களின் மதிப்பெண் இறங்கியது, அப்படிச் சொல்லாமல் வைத்தபோது அந்த இறக்கம் குறைந்தது. தங்களைப் பற்றிய எண்ணத்தைத் தாங்களே மெய்ப்பித்துவிடுவோமோ என்ற கலக்கம்தான் இங்கே 'திரெட்'. யாரும் யாரையும் மிரட்டவில்லை. 'வார்ப்பெண்ண அச்சுறுத்தல்' என்று எழுதினால் ஆசிரியர் பிரம்போடு நிற்பது போல இருக்கும். 'வார்ப்பெண்ண நெருக்கடி' என்று எழுதுங்கள்.

மற்றது 'ஸ்டீரியோடிப்பி'. கூண்டில் அடைபட்ட விலங்கு ஒரே தடத்தில் மணிக்கணக்காக நடப்பதையும், சில நோயாளிகளிடம் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதையும் விலங்கியலாரும் மருத்துவரும் இப்படிச் சொல்வார்கள். இதில் எண்ணமே கிடையாது, உடலின் அசைவு மட்டும்தான். இங்கே வார்ப்பெண்ணத்தைத் தொடாமல் 'ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல்' என்று விரித்தே எழுத வேண்டும்.